மயில்கழுத்துக் கவுன்

அறைக் கதவைத் திறந்ததும் அத்தான் இருட்டுக்குள் கையை நீட்டி, ஒரே தடவையில் சுவிட்சைப் போட்டுவிட்டார். சின்னவளுக்கு எரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அந்த சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் பரவாயில்லை. அலமாரியின் மறைவில், கட்டடம் கட்டியவன் யாரையோ பழிவாங்க வைத்த மாதிரி ஓர் இடத்தில் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் சுவரைத் தடவித் தடவி அலுத்துப்போவார்கள். அத்தான் தடவவில்லை. ஜன்னல் கொண்டியையும் அப்படித்தான், கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் இழுத்து, லேசாகத் தட்டித் திறந்தார். கீழே ஆறு அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. ஈரக்கல்லும் பாசியும் கலந்த வாடை அறைக்குள் வந்தது.

"இதே ரூம்தான் வேணும்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன்," என்றார் அத்தான், பெரிய பரிசு ஒன்றைக் கையில் கொடுக்கிறவர் போல.

இதே ரூம் என்றால், அக்காவோடு வந்து தங்கிய ரூம்.

அத்தான் என்பவர் முதலில் அக்காவின் புருஷன். அக்கா ஒரு காய்ச்சலில் போய்ச்சேர்ந்த பிறகு, பெரியவர்கள் கூடிப் பேசி, வெளியிலிருந்து ஒருத்தி வருவதற்கு நம் வீட்டுப் பெண்ணே மேல் என்று சின்னவளைக் கட்டிவைத்தார்கள். அத்தான் என்று கூப்பிட்ட வாய் கல்யாணமான பிறகும் அத்தான் என்றே கூப்பிட்டது. கூப்பிடுகிற முறையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல மனுஷர்தான். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, அதட்டல் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதிரில் உட்காருகிறவர் கண்ணில் இம்மியளவு குறை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் கட்டியவளின் இடது இடுப்பில் மிளகளவுக்கு ஒரு மச்சம் இருப்பது இன்றுவரை அவர் கண்ணில் பட்டதில்லை.

சின்னவளுக்கு இந்தப் பயணத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அத்தான் அக்காவைப் பார்த்த பார்வை ஒன்று உண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, காணாததைக் கண்டதுபோலப் பார்ப்பார். அந்தப் பார்வை ஒரே ஒரு தடவை தன் மேல் விழ வேண்டும். வீட்டில் நடக்காதது ஆற்றங்கரையில், திருவிழாக் கூட்டத்தில், விளக்கு வெளிச்சத்தில் நடக்காதா என்ற நப்பாசையில்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

வந்த இடத்தில் என்ன ஆயிற்று? ஊர் முழுக்க அக்காவாக இருந்தாள்.

பழைய பாலத்தின் நடுவில் அத்தான் நின்றார். உங்க அக்கா இங்கேதான் செருப்பை ஆற்றில் விட்டாள் என்று சொல்லிச் சிரித்தார். மணிக்கூண்டுக்கு எதிரே பொம்மைக் கடையில், உங்க அக்கா பேரம் பேசியதில் கடைக்காரன் அழாத குறை என்றார். சந்து சந்தாகக் கல் பாவிய தெரு, காரை உதிர்ந்த மாளிகை, கொடி கட்டிய படகுகள் என்று எத்தனையோ பார்க்க இருந்தன. சின்னவள் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வோர் இடத்திலும் அக்கா எங்கே நின்றாள் என்று அத்தான் காட்டிய இடத்தையே முறைத்துக்கொண்டு வந்தாள். செத்துப்போனவளைப் பார்த்து வயிறெரியக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, எரிந்தது.

விடுதிக்கார அம்மாள் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினாள். வாய் ஓயாத பெண்மணி. சாப்பாட்டு மேஜையில் தட்டை வைத்துக்கொண்டே, போன தடவை படகு விழாவில் அந்த மயில்கழுத்து நிறக் கவுனைப் போட்டுக்கொண்டு இவர் சம்சாரம் படகில் நின்றபோது, கரையில் ஒருத்தரும் விளக்கைப் பார்க்கவில்லை என்றாள். சொன்ன பிறகுதான் எதிரே உட்கார்ந்திருப்பதும் இவர் சம்சாரம்தான் என்று உறைத்து, உப்பு எடுத்து வருகிறேன் என்று உள்ளே ஓடிப்போனாள்.

சின்னவள் அன்றைக்குப் போட்டிருந்தது சிவப்புக் கவுன். இந்தப் பயணத்துக்கென்றே மாதக்கணக்கில் ராத்திரி கண்விழித்துத் தைத்தது. அவள் தொழிலே தையல்தான். சொந்தக் கடை, கை நிறைய வேலை. எப்படி இருக்கு என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு," என்றார் அத்தான், சூப்பைப் பார்த்துக்கொண்டு.

பிறகு அவராகவே ஆரம்பித்தார். இதே மேஜையில், அந்த மயில்கழுத்துக் கவுனில், அக்கா எப்படிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் என்று. சொல்லும்போதே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தாள். அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று மாடியில், பெட்டியின் அடியில், பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது.

அந்தக் கவுன்தான்.

அக்காவின் மற்ற துணிகளையெல்லாம் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. இது ஒன்றை மட்டும் அத்தான் பீரோவில் பூட்டி வைத்து, "அதை மட்டும் தொடாதே" என்றிருந்தார். சின்னவள் சாவியைத் தேடி எடுத்து, கிளம்புகிற அன்று தூக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டுவிட்டாள். ஆற்றில் எறிந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்தபோது எண்ணம் மாறிவிட்டது. எறிவதாவது? போட்டுக்கொள்வேன். அவளைவிட எனக்குத்தான் எடுப்பாக இருக்கும்.

அவள் அப்படி நினைத்ததற்கும் காரணம் உண்டு. பிறந்ததிலிருந்து சின்னவள் போட்டதெல்லாம் அக்காவின் பழசு. அக்கா நல்ல உடம்புவாகு, இவள் ஒடிசல். அக்காவே உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுப்பாள். நெருக்கமான, பொடிப்பொடியான தையல். எடுத்த வேலையைப் பாதியில் வைக்க மாட்டாள். கத்தரிக்கோலைத் தேட மாட்டாள். நூலைப் பல்லில் வைத்து டக்கென்று கடித்துத் துண்டிப்பாள். ஒரே ஒரு நிபந்தனை, உள்ளே மடிந்து கிடக்கும் துணியை வெட்ட விட மாட்டாள். 'வெட்டிடாதடி. உள்ளயே கெடக்கட்டும். வேணும்னா பிரிச்சுக்கலாம்' என்பாள்.

பிரிக்கவும் செய்வாள். அதுதான் கொடுமை. எந்தச் சட்டையைப் பார்த்து நாலு பேர் சின்னவளுக்கு அழகாக இருக்கிறது என்று சொன்னார்களோ, அந்தச் சட்டை அடுத்த வாரமே பிரிந்து விரிந்து அக்கா மேல் இருக்கும். அழுதால், 'என்னுதுதானே, போட்டுக்கத்தானே குடுத்தேன்' என்பாள், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல்.

மறுநாள் மத்தியானம் அத்தான் படகில் இடம் பிடிக்கப் படித்துறைக்குப் போனார். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் படகுகள் கிளம்பும். அதற்குள் வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் கதவைத் தாழிட்டு, கவுனைக் கட்டிலில் விரித்தாள்.

பட்டு, கசங்காமல், புதுசுபோலவே இருந்தது. மடிப்பைப் பிரித்ததும் தைல வாசனை வந்தது. காய்ச்சல் நாட்களில் அக்காவின் நெற்றியில் தடவிய தைலம். இந்தக் கவுனை அக்கா காய்ச்சலில் போட்டதே இல்லை.

துண்டில் இருந்த வாசனையாக இருக்கும் என்று சின்னவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கத் தையல்களைப் பிரித்தாள். அளவெடுத்தாள், சாக்குக் கட்டியால் கோடு போட்டாள். பிறகு ஒரு கணம் கை நின்றது. எத்தனை வருஷப் பழக்கம்! இவள் கடையிலேகூட, யார் துணியைப் பிடித்தாலும் உள்ளே நாலு விரற்கடை விட்டுத்தான் தைப்பாள்.

"இந்தத் தடவை உனக்குத் திரும்பக் கெடைக்காதுக்கா," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

கத்தரிக்கோலை எடுத்து, கோட்டை ஒட்டி, இரண்டு பக்கமும் சரக் சரக்கென்று வெட்டித் தள்ளினாள். ஆஹா, என்ன ஒரு நிம்மதி! வெட்டிய நீளத் துண்டுகள் இரண்டையும் சுருட்டி ஜன்னல் வழியாக ஆற்றில் எறிந்தாள்.

கீழே தண்ணீர் வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போட்ட பூச்சரம் ஒன்று கண்ணெதிரே அடித்துக்கொண்டு போயிற்று.

துண்டுகள் போகவில்லை.

ஜன்னலுக்கு நேர் கீழே, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, அங்கேயே நின்றன.

சின்னவள் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து தைத்தாள். அறைக்குள் ஆற்றுச் சத்தம் குறைந்துபோய், ஊசி துணியில் இறங்கும் சத்தம்கூடக் கேட்கிற அளவுக்கு அமைதியாக இருந்தது. வலது பக்கத்தை முடித்தாள். நூலை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

டக்.

அவள் இன்னும் வெட்டவில்லை.

அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. பழைய வீடு, மரம் விரிசல் விடுகிற சத்தம். அப்படித்தான் இருக்க வேண்டும். இடது பக்கத்தையும் வேகவேகமாகத் தைத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அச்சு அசலாக உடம்புக்கென்றே வெட்டியது போல, இடது பக்கத்தைத் தவிர எல்லாம் பொருந்தியிருந்தது. அங்கே மட்டும், இடுப்புப் பக்கமாக, ஓர் இடம் விட்டுப்போய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அதே நேரம் கீழே தெருவிலிருந்து அத்தான் கூப்பிட்டார். படகு கிளம்பப் போகிறது, நான் முன்னால் போகிறேன், சீக்கிரம் வா என்று. முதுகில் வரிசையாகப் பொத்தான். கழற்றித் தைத்து மறுபடி மாட்ட நேரமில்லை.

தையல்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. ஆள் போட்டிருக்கும் துணியில் ஊசி போட மாட்டார்கள். எவ்வளவு அவசரமானாலும் கழற்றச் சொல்லித்தான் தைப்பார்கள். துணியோடு ஆளையும் சேர்த்துத் தைத்ததாகிவிடும் என்பார்கள். சின்னவளே எத்தனையோ வாடிக்கைக்காரர்களைத் திரைக்குப் பின்னால் அனுப்பிக் கழற்ற வைத்திருக்கிறாள்.

இன்றைக்கு அவள் கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி, தன் மேலேயே தைத்தாள். மச்சத்துக்கு மேலாக ஊசி போய் வந்தது. முடிச்சுப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலைத் துழாவினாள். மேஜையில் வைத்தது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. குனிய முடியவில்லை. ஊசியில் மிஞ்சிய நூலை வாய்வரை இழுத்து, தலையைச் சாய்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பல்லால் கடித்தாள்.

டக்.

காதுக்குப் பக்கத்தில், தைல வாசனையோடு, மூச்சுக் காற்று பட்டது.

"வெட்டிட்டியாடி?"

சின்னவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். மாடிப்படியில் எதிரே வந்த விடுதிக்கார அம்மாள் அவளைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். அவள் போன பிறகும் அப்படியே நின்று, இன்னொருவருக்கு வழிவிட்டாள்.

படித்துறையில் அந்தி மங்கிக்கொண்டிருந்தது. படகுகளில் விளக்கேற்றத் தொடங்கியிருந்தார்கள். அத்தான் கூட்டத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடாதே என்று சொன்னதைத் தொட்டது மட்டுமில்லை, வெட்டியும் வந்திருக்கிறாள்; என்ன சொல்வாரோ என்று சின்னவள் கூட்டத்தின் ஓரத்திலேயே தயங்கி நின்றாள்.

அத்தான் அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார்.

அந்தப் பார்வை!

சின்னவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பயமெல்லாம் எங்கோ பறந்துவிட்டது. பார்த்தாயா அக்கா என்று மனதுக்குள் கத்தினாள். அத்தான் கையைப் பிடித்துப் படகில் ஏற்றிவிட்டார்.

"பாத்து வா, மகாராணி," என்றார்.

மகாராணி என்பது அக்காவை அவர் செல்லமாகக் கூப்பிடும் பேர். குளிர்ந்த உச்சியில் யாரோ ஓங்கிக் குட்டியது போலிருந்தது. கையை உதறிவிட்டு இறங்கிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பேரைச் சொன்னால் என்ன, கண் என் மேல்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, இடது ஓரத்துப் பலகையில் உட்கார்ந்தாள். அத்தான் எதிரே உட்கார்ந்தார்.

படகு நடு ஆற்றுக்கு வந்தது. இரு கரையும் விளக்காக மின்னியது. எங்கோ வாத்தியம் வாசித்தார்கள். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"ஒரே பக்கமா ரெண்டு பேர் உக்காராதீங்கம்மா. படகு சாயுது பாருங்க."

அவள் பக்கத்தில் யாரும் இல்லை.

படகு சாய்ந்துதான் இருந்தது.

அப்போதுதான் இடது இடுப்பில் சுருக்கென்றது. ஊசி ஏதாவது தங்கிவிட்டதோ என்று தடவினாள். ஒன்றுமில்லை. கையை எடுத்ததும் மறுபடி சுருக். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கு அடுத்து இன்னொன்று. வலி என்று சொல்ல முடியாது. நெருக்கமாக, பொடிப்பொடியாக, அவசரமே இல்லாமல், வரிசையாக இறங்கிக்கொண்டு போயிற்று.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் எத்தனை மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்!

அத்தானிடம் சொல்ல வாயெடுத்தாள். அவர் அதே பார்வையோடு, உதட்டில் சிரிப்போடு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் அந்தப் பார்வை போய்விடும்.

சின்னவள் வாயை மூடிக்கொண்டாள்.

அறைக்கு வந்ததும் பொத்தான்களைப் பிய்க்காத குறையாகக் கழற்றினாள். கவுன் சிக்கவில்லை, இழுக்கவில்லை. தொளதொளவென்று காலடியில் விழுந்தது. அதைக் காலாலேயே தள்ளிவிட்டு, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்தவள் அடித்துப்போட்டதுபோலத் தூங்கிவிட்டாள்.

விழித்தபோது நல்ல வெயில். அத்தான் டீ வாங்கிவரக் கீழே போயிருந்தார். கவுன் தரையில் இல்லை. கட்டிலின் கால்மாட்டில், அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அத்தான்தான் மடித்திருப்பார் என்று எண்ணி, நேற்று தொளதொளத்தது ஏன் என்று பார்க்க, வெளிச்சத்தில் பிரித்துப் பிடித்தாள்.

இடது பக்கம் பழையபடி விரிந்திருந்தது. அக்காவின் அளவுக்கு.

எப்படி விரியும்? உள்ளே இருந்த துணியைத்தான் வெட்டி ஆற்றில் எறிந்தாயிற்றே. புரட்டிப் பார்த்தாள். வெட்டிய இடத்தில், வெட்டிய அதே நீளத்துக்கு, புதிதாக ஒரு துண்டு ஒட்டுப் போட்டிருந்தது. பார்வைக்கு மயில்கழுத்து நிறம்தான். தையல் எங்கே இருக்கிறது என்று தையல்காரி கண்ணுக்கே தெரியவில்லை. விரலால் தடவினாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

பட்டில்லை. மெல்லிய பூனைமுடி விரலில் தட்டியது. துண்டின் நடுவில் மிளகளவுக்கு ஒரு மச்சம்.

சின்னவள் தன் இடது இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். மச்சம் இருந்த இடம் மழமழவென்று இருந்தது. ரத்தம் இல்லை, காயம் இல்லை. இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்த கோடு ஒன்று மட்டும், விலாவிலிருந்து தொடைவரை, பொடிப்பொடியாக ஓடியது. அந்தப் பக்கம் அவள் இன்னும் கொஞ்சம் ஒடிசலாகியிருந்தாள்.

கதவு திறந்தது. அத்தான் டீயை மேஜையில் வைத்துவிட்டு, அவள் கையிலிருந்த கவுனை வாங்கி, இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் கண் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"இங்க பாரேன். மச்சம் மாதிரி ஒரு புள்ளி," என்றார். "இத்தனை நாளா இதை நான் கவனிக்கவே இல்லையே. என்ன அழகா இருக்கு!"

கட்டைவிரலால் அந்த மச்சத்தை மெதுவாகத் தடவினார்.

அறையின் இந்தக் கோடியில் நின்ற சின்னவளுக்கு இடுப்பில் கூச்சமெடுத்தது.

இத்தனை நாள் அவள் காத்துக் கிடந்த விரல். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அதைக் கீழே போடுங்கள் அத்தான், அது நான் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் நிமிர்ந்தார். பார்வை இன்னும் போகவில்லை. அதே பார்வையோடு கவுனை அவளிடம் நீட்டினார்.

"இன்னிக்கும் இதையே போட்டுக்கயேன்."

நீட்டியபோது கவுனின் வலது பக்கம் தெரிந்தது. அங்கே தையல் முழுதாகப் பிரிக்கப்பட்டு, குண்டூசி குத்தி, பெரிய பெரிய வெள்ளைத் தையலாகத் தற்காலிகத்துக்குப் பிடித்து வைத்திருந்தது. ஒட்டுப் போட வேண்டிய இடத்துக்கு நேராகச் சாக்குக் கட்டியால் கோடு.

சின்னவள் தன் வலது இடுப்பைக் குனிந்து பார்த்தாள். அங்கேயும் அதே கோடு இருந்தது. அழித்துப் பார்த்தாள், அழியவில்லை.

அலமாரியின் மறைவில், சுவிட்ச் இருக்கும் இருட்டில், யாரோ பல்லில் நூலைக் கடித்தார்கள்.

அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சின்னவள் இரண்டு கையையும் மெல்லத் தூக்கினாள்.